வீட்டில் படம் பார்க்க ஒரு லேப்டாப்: வாங்கும் முன் வரும் கேள்விகள்

கடைக்குப் போய், "வீட்டில் படம் பார்க்க ஒரு லேப்டாப் வேண்டும்" என்று கேட்டால் விற்பவர் முதலில் பிராசஸர் பெயரைச் சொல்வார். அடுத்து ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எத்தனை ஜிபி என்பார். இன்று விற்கும் புது லேப்டாப் எதுவாக இருந்தாலும் படம் ஓடிவிடும். அது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது, வசனம் தெளிவாகக் காதில் விழுகிறதா, அமைதியான காட்சியில் விசிறி இரைகிறதா என்பவற்றில்தான் ஒரு லேப்டாப்புக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். இவற்றைப் பற்றி யாரும் தாமாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வீட்டில் டிவி இருக்கும்போது லேப்டாப் எதற்கு?

நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு டிவிதான் சரி. அந்த ஒரே காரணத்துக்காக லேப்டாப் வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். விடுதி அறை, வாடகை அறை, இரவில் கட்டில், ஹாலில் சீரியல் ஓடும்போது தனியாக ஒரு கிரிக்கெட் மேட்ச், இதற்கெல்லாம் லேப்டாப் நன்றாகப் பொருந்தும். இரண்டு அடி தூரத்தில் வைத்த 15.6 இஞ்ச் திரை, ஐந்தரை அடி தள்ளியிருக்கும் 43 இஞ்ச் டிவி அளவுக்குக் கண்ணில் இடம் பிடிக்கும். ஒருவரோ இருவரோ பார்க்க அது சின்னத் திரையே இல்லை.

திரையில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் என் பதில் எப்போதும் திரைதான். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பேனல் வகை. டிஎன் என்று போட்டிருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே முகங்கள் கறுத்துவிடும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறொரு நிறம் தெரியும். ஐபிஎஸ் பேனலில் இந்தத் தொல்லை இல்லை. ஓஎல்இடி பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

அடுத்தது வெளிச்சம். இதை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். விலை குறைந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் 250 நிட்ஸ் இருக்கும். இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க அது போதும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் இருட்டுக் காட்சி வந்தால் உங்கள் முகம்தான் திரையில் தெரியும். குறைந்தது 300 தேடுங்கள், 400 கிடைத்தால் நிம்மதி.

மூன்றாவது நிறம். விவரப் பட்டியலில் "45% என்டிஎஸ்சி" என்ற வரி இருந்தால், அந்தத் திரை வழக்கமான வீடியோ நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும் என்று பொருள். அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை செங்கல் நிறத்துக்கு வந்துவிடும், வயல்வெளி வெளுத்துத் தெரியும். "100% எஸ்ஆர்ஜிபி" என்றோ "72% என்டிஎஸ்சி" என்றோ இருப்பதை வாங்குங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடையில் தனியாகப் பார்க்கும்போது இந்தக் குறை கண்ணில் படாது, நல்ல திரை ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும். ஆகவே விலை கூடிய ஒரு மாடலைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே பாடல் காட்சியை ஓட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்பில் இரண்டு மூன்று வகைத் திரைகள் வருவது சாதாரணம். இணையத்தில் ஒருவர் புகழ்ந்து எழுதியது 400 நிட்ஸ் திரையாக இருக்கும், உங்கள் ஊர்க் கடையில் கிடைப்பது 250 ஆக இருக்கும். பெட்டியின் பக்கவாட்டிலும் லேப்டாப்பின் அடியிலும் நீளமான மாடல் எண் ஒன்று இருக்கும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த முழு எண்ணைத் தேடிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஓஎல்இடி திரைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

படம் பார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் கொடுக்கலாம். சாதாரண ஐபிஎஸ் திரையில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு என்பது அடர்ந்த சாம்பல்தான். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தேவையில்லாத இடத்தில் அணைந்துவிடுகிறது. இரவுக் காட்சி நிறைந்த ஒரு படத்தை இருட்டறையில் ஓஎல்இடியில் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணைவிட்டுப் போகாது.

குறைகளும் உண்டு. பெரும்பாலும் பளபளப்பான கண்ணாடிப் பரப்போடு வருவதால் தலைக்கு மேல் எரியும் டியூப்லைட் அப்படியே பிரதிபலிக்கும். பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக மிக வேகமாக எரிந்து அணைகின்றன, சிலருக்கு அதனால் கண் வலியோ தலைவலியோ வரும். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் கடையிலேயே வெளிச்சத்தைக் கால் பங்காகக் குறைத்துக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். அசையாத படம் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தடம் பதியும் என்பதும் உண்மைதான். டாஸ்க்பார் தானாக மறையும்படி வைத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

15.6 இஞ்சா, 16 இஞ்சா? 16 பெரியதுதானே?

படத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 15.6 இஞ்ச் திரை பெரும்பாலும் 16:9 வடிவம், 16 இஞ்ச் திரை 16:10. அளந்து பார்த்தால் இரண்டின் அகலமும் சுமார் 34.5 செ.மீ. 16 இஞ்சில் கூடுவது உயரம் மட்டும். சினிமாஸ்கோப் படம் அகலத்தை நிரப்பி ஓடுவதால் அந்தக் கூடுதல் உயரம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையாகவே போய்விடும். படிக்க, எழுத அது உதவும். படத்துக்காக மட்டும் அதிக விலை கொடுக்க வேண்டாம்.

4கே திரை வேண்டுமா?

வேண்டாம். 15.6 இஞ்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.18 மி.மீ. இரண்டு அடி தூரத்திலிருந்து நல்ல பார்வையுள்ள கண் பிரித்துப் பார்க்கக்கூடிய எல்லையும் ஏறத்தாழ அவ்வளவுதான். மடிமீது நெருக்கமாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு, ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் நடுவில் உள்ள 2.8கே கொஞ்சம் கூர்மையாகத் தெரியும். அதற்கு மேல் போனால் பணமும் பேட்டரியும்தான் வீண்.

120 ஹெர்ட்ஸ் கேமுக்கு மட்டும்தானா?

படத்துக்கும் பயன் உண்டு. திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 60-ஐ 24-ஆல் சரியாக வகுக்க முடியாது. எனவே 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு ஃபிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டுகிறது. கேமரா மெதுவாக நகரும் காட்சியில் ஒரு சின்னத் தடுமாற்றம் தெரிவது இதனால்தான். 120-ஐ 24 சரியாக வகுக்கும். இருந்தாலும் நல்ல நிறமுள்ள 60 ஹெர்ட்ஸ் திரை, வெளுத்த 120 ஹெர்ட்ஸ் திரை இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் முதலாவதைத்தான் எடுப்பேன்.

பணம் கட்டியும் ஓடிடி படம் மங்கலாக வருகிறதே, லேப்டாப் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. முதலில் திட்டத்தைப் பாருங்கள். 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் விலை குறைத்தபோது 149 ரூபாய்க்கு இறங்கிய மொபைல் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், லேப்டாப்பில் ஓடவே ஓடாது. 199 ரூபாய் திட்டத்தில் 720பி, 499-இல் 1080பி, 649-இல்தான் 4கே. மற்ற ஓடிடிகளும் மொபைலுக்கு மட்டும் என்று மலிவான திட்டம் வைத்திருக்கின்றன. லேப்டாப் வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து உலாவி. திருட்டுப் பிரதி எடுக்காமல் தடுக்கும் பூட்டு ஒவ்வொரு உலாவியிலும் வெவ்வேறு அளவில் இருப்பதால், படத்தின் தரத்தையும் அதற்கேற்பக் குறைத்து அனுப்புகிறார்கள். விண்டோஸில் நெட்ஃபிளிக்ஸை 4கே-யில் பார்க்க எட்ஜ் உலாவியோ அதன் செயலியோ வேண்டும். மேக்கில் சஃபாரி. வேறு சில தளங்கள் கணினியில் 4கே தருவதே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், டி நான்கையும் சேர்த்து அழுத்தினால் என்ன தரத்தில் ஓடுகிறது என்று திரையிலேயே எழுதிக் காட்டும்.

இணைய வேகத்தைப் பொறுத்தவரை நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் இது பெரிய விஷயம் இல்லை. ரூட்டர் ஹாலில், லேப்டாப் இரண்டு சுவர் தாண்டிப் படுக்கையறையில் என்றால்தான் சிக்கல். லேப்டாப்பை ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றிப் பாருங்கள். அது சுவரைத் தாண்டவில்லை என்றால் 2.4-க்கே திரும்புங்கள்.

எந்தப் பிராசஸர் போதும்?

பெரிய எண் தேவையில்லை, சரியான தலைமுறை தேவை. யூடியூபும் ஓடிடிகளும் இப்போது ஏவி1 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கி அனுப்புவது கூடிவருகிறது. அதை விரிக்கும் தனிப் பகுதி சிப்பிலேயே இருந்தால் 4கே வீடியோவும் சத்தமில்லாமல் ஓடும். இல்லாவிட்டால் பிராசஸர் முழு மூச்சில் உழைக்கும், சூடேறும், விசிறி சுற்றும், பேட்டரி இறங்கும். இன்டெலில் 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறை முதல் இது இருக்கிறது. ஏஎம்டியில் 2022-இல் வந்த ரைசன் 6000 வரிசை முதல்.

ஏஎம்டி வாங்கும்போது பெயரைக் கவனமாகப் படியுங்கள். ரைசன் 5 7530யு என்பது 7000 வரிசை என்று புதிதுபோலத் தெரியும், உள்ளே இருப்பது 5000 காலத்துக் கட்டமைப்பு. அதில் ஏவி1 பகுதி கிடையாது. இந்த 7000 வரிசையின் நான்கு எண்களில் மூன்றாவது எண்தான் கட்டமைப்பின் வயதைச் சொல்கிறது.

கடையிலேயே சோதிக்கலாம். யூடியூபில் ஒரு 4கே வீடியோவைப் போட்டு, அதன்மேல் வலது கிளிக் செய்து, "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் திறந்தால் எந்த முறையில் ஓடுகிறது, எத்தனை ஃபிரேம் தவறியது என்று காட்டும். ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தவறிய எண் ஏறிக்கொண்டே போனால் அந்த லேப்டாப் உங்களுக்கு வேண்டாம்.

ராம், ஸ்டோரேஜ்?

படத்துக்கு 8 ஜிபி போதும். வீட்டில் பிள்ளைகள் படிக்கவும் அதையே பயன்படுத்தினால் 16 எடுங்கள், அல்லது பின்னால் கூட்டிக்கொள்ள ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். எஸ்எஸ்டி 512 ஜிபி.

ஸ்பீக்கரை எப்படிச் சோதிப்பது?

மெல்லிய லேப்டாப்பில் ஸ்பீக்கர் விரல் அளவுதான் இருக்கும், பெரும்பாலும் 2 வாட் வீதம் இரண்டு. அவ்வளவு சிறிய ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலிக்குத் தேவையான காற்றைத் தள்ள முடியாது. ஒரு கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக் கேளுங்கள். மோசமான ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை நன்றாகக் கேட்கும், தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கமான தொப்பி காணாமல் போயிருக்கும். தொப்பியின் கும்காரம் கொஞ்சமாவது கேட்டால் அந்த லேப்டாப்பைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். அடுத்து, மழையும் கூட்டமும் இரைச்சலுமாக உள்ள காட்சியில் மெதுவாகப் பேசும் ஒரு வசனத்தை வையுங்கள். சொற்கள் புரிய வேண்டும். முழு சத்தத்தில் வைத்து, லேப்டாப்பின் உடல் அதிர்ந்து கரகரக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கீபோர்டுக்கு இருபுறமும் மேல்நோக்கி இருந்தால் நல்லது. அடியில் இருந்தால் மேசைமேல் வைக்கும்போது சத்தம் மேசையில் பட்டுத் திரும்பி வரும், மெத்தைமேல் வைத்ததும் அமுங்கிப்போகும். கட்டிலில் பார்ப்பவர்கள் ஒரு மரப் பலகையோ சிறிய மடக்கு மேசையோ வைத்துக்கொண்டால் ஒலியும் கெடாது, காற்றுத் துளையும் அடைபடாது.

டால்பி அட்மாஸ் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். லேப்டாப் ஸ்பீக்கரில் அது ஒலியை அகலமாக்கிக் காட்டும் மென்பொருள் வேலை. இல்லாத தாழ்ந்த ஒலியை அதனால் கொண்டுவர முடியாது.

ஹெட்போன்?

வயர் ஹெட்போனுக்கான 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று பாருங்கள், சில மெல்லிய மாடல்களில் எடுத்துவிட்டார்கள். புளூடூத்தில் உதடு அசைவும் சொல்லும் ஒட்டாமல் போவது சில சமயம் நடக்கும். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் படம் பார்க்கும்போது ஜே, கே விசைகளால் அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

விசிறிச் சத்தம் அவ்வளவு பெரிய குறையா?

நள்ளிரவில், மூடிய அறையில், இருவர் மௌனமாக நிற்கும் ஒரு காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடியில் ஒரு சின்ன விசில் சத்தம் கிளம்பினால் அந்தக் காட்சி போய்விட்டது. எனக்கு இது மிகப் பெரிய குறைதான். ஷோரூமில் ஏசி, பாட்டு, பேச்சு எல்லாம் சேர்ந்து இதை மறைத்துவிடும். ஒரு 4கே வீடியோவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கீபோர்டு பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள், உள்ளங்கை படும் இடம் சூடாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அது இன்னும் கூடும். நோட்புக்செக், ஆர்டிங்ஸ் போன்ற தளங்கள் விசிறிச் சத்தம், வெளிச்சம், திரை சிமிட்டல் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்து வெளியிடுகின்றன. அந்த எண்கள் விளம்பர வாசகத்தைவிட நம்பத்தக்கவை. 2020-இல் எம்1 சிப்போடு வந்தது முதல் ஆப்பிளின் மேக்புக் ஏர்களில் விசிறியே இல்லை, அதனால் சத்தத்துக்கும் இடமில்லை.

டிவியோடு இணைக்க என்ன தேவை?

எச்டிஎம்ஐ துளை இருந்தால் மட்டும் போதாது, அது எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். விலை குறைந்த லேப்டாப்புகளில் இன்னும் 1.4 வருகிறது. அதில் 4கே டிவிக்கு நொடிக்கு 30 படம்தான் போகும், மேட்ச் பார்த்தால் பந்து குதித்துக் குதித்துப் போகும். 2.0 என்றால் 60. டிவி ஃபுல் எச்டி என்றால் 1.4 போதும்.

டைப்-சி துளை எல்லாமே படம் அனுப்பாது. பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட் குறி இருக்கிறதா, விவரப் பட்டியலில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலிவான அடாப்டர் போட்டு, சத்தம் மட்டும் வந்து ஓடிடி படம் கறுப்பாகத் தெரிந்தால், எச்டிசிபி என்ற பிரதித் தடுப்புப் பூட்டு அந்த அடாப்டரைத் தாண்டவில்லை என்று நினைக்கலாம். டிவியில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் பட அமைப்பில் "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது பிசி என்ற தேர்வைத் தேடுங்கள்.

கரண்ட் போனால் ஒரு முழுப் படம் தாங்குமா?

பேட்டரியில் அதன் கொள்ளளவாக வாட் அவர் என்று ஓர் எண் போட்டிருக்கும். படம் ஓடும்போது ஒரு சாதாரண லேப்டாப் 8 முதல் 12 வாட் வரை எடுக்கும். 42 வாட் அவர் பேட்டரி புதிதில் சுமார் நாலு மணி நேரம் வரும். மூன்று மணி நேரப் படத்துக்குப் போதும், இரண்டு வருடம் கழித்து அப்படி இருக்காது. 50-க்கு மேல் கிடைத்தால் நல்லது. எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள் 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

கரண்ட் போகும்போது முதலில் நிற்பது ரூட்டர்தான். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வைக்கலாம். முன்பே டவுன்லோடு செய்து வைக்கலாமே என்றால், நெட்ஃபிளிக்ஸ் 2024-இல் தன் விண்டோஸ் செயலியிலிருந்து அந்த வசதியை எடுத்துவிட்டது. போனிலும் டேப்லெட்டிலும் இன்னும் இருக்கிறது.

வீட்டில் பழைய கல்யாண டிவிடிகள் இருக்கின்றன. அவற்றை எதில் பார்ப்பது?

டிவிடி டிரைவ் உள்ள புது லேப்டாப் கிடைப்பது அரிது. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்று வாங்கி, விஎல்சியில் திறந்தால் ஓடும். ஆனால் பார்ப்பதோடு நிற்காதீர்கள். வீட்டு விசேஷ டிவிடிகள் பெரும்பாலும் எழுதக்கூடிய வட்டுகளில் பதிந்தவை, வெயிலிலும் ஈரத்திலும் வருடம் போகப்போக அழிந்துவிடும். அப்பா அம்மாவின் கல்யாண வீடியோவுக்கு வேறு பிரதி கிடையாது. வட்டு படிக்க முடிகிற நிலையில் இருக்கும்போதே எஸ்எஸ்டிக்கு ஒரு பிரதி, வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கலாமா?

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அலுவலகங்கள் கழித்த லேப்டாப்புகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். உடம்பு உறுதியாக இருக்கும், கீபோர்டு அருமையாக இருக்கும். ஆனால் அவை அலுவலக வேலைக்குச் செய்தவை என்பதால் திரை மங்கலாகவும் ஸ்பீக்கர் சுமாராகவும் இருப்பது வழக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாகப் போட இன்டெல் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும், ஏவி1-க்கு 11-ஆம் தலைமுறை. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கடையிலேயே பார்க்கலாம்: கமாண்ட் பிராம்ப்டில் "பவர்சிஎஃப்ஜி" கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுக்கத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கினால்?

பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். முதல் இரவே அறையை இருட்டாக்கி, முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் திரை நிறையப் போட்டு, செத்த புள்ளியோ ஓரத்தில் ஒளிக் கசிவோ இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கே ஒரு முழுப் படம் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மாற்றிக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான். அது கடந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், அங்கே ஒன்றிரண்டு செத்த புள்ளிகளைக் குறையாகவே எடுத்துக்கொள்ளாத நிறுவனங்கள் உண்டு.